ஓவர்எக்ஸ்போஷர்: பொருளும் புழக்கமும், காவடி வெயிலில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஓவர்எக்ஸ்போஷர்’ என்ற ஆங்கிலச் சொல் நம் மொரீஷியஸில் தைப்பூசக் காவடி சமயத்தில் நாலா பக்கத்திலிருந்தும் காதில் விழும். படம் எடுக்கிறவர் “ஓவர்எக்ஸ்போஸ் ஆகிவிட்டது, முகமே தெரியவில்லை” என்பார். தோல் மருத்துவர் வெயிலைப் பற்றிப் பேசும்போது அதே சொல்லைச் சொல்வார். எபேன் வணிக நகரில் கணக்கு வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டால், ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கும் கம்பெனியைக் காட்டி அதையே சொல்வான். பிரெஞ்சில் செய்தி கேட்கிறவர்களுக்கு இதுவே ‘சூரெக்ஸ்போசிசியோன்’. ஆளாளுக்கு வேறு எதையோ சொல்வதுபோல் தோன்றும், ஆனால் எல்லாரும் சொல்வது அடிப்படையில் ஒன்றுதான்: ஏதோ ஒன்று தாங்கும் அளவைத் தாண்டிப் படுகிறது.

பிரச்சினை தமிழில் எழுத உட்காரும்போது வருகிறது. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளையும், கோயில் அறிவிப்பு எழுதும் பெரியவரும் அகராதியைப் புரட்டி ‘மிகை வெளிப்பாடு’ என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டிவிடுகிறார்கள். ‘சூரியனுக்கு மிகை வெளிப்பாடு கூடாது’ என்று பலகையில் எழுதினால் யாருக்குப் புரியும்? “உச்சி வெயிலில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள்” என்றால் பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும். அதனால் சொல்லின் உள்ளே இருக்கும் கணக்கை முதலில் பிடித்துக்கொள்வோம், அப்புறம் ஒவ்வொரு துறையாகப் போவோம். படத்திலும் வெயிலிலும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் இந்தத் தீவில் அந்த இரண்டும்தான் நமக்கு நேரடியாகத் தேவைப்படுகின்றன.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

‘எக்ஸ்போஸ்’ என்றால் மூடியிருந்ததைத் திறந்து ஒன்றின் முன்னால் வைப்பது. லத்தீனில் ‘வெளியே வை’ என்ற பொருளில் இருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். தோலை வெயிலில் காட்டுவது, பிலிமை ஒளியில் காட்டுவது, காதைச் சத்தத்தில் காட்டுவது, எல்லாமே எக்ஸ்போஷர்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒளி படாமல் படம் விழாது, வெயில் படாமல் உடம்பில் வைட்டமின் டி ஊறாது. முன்னால் ‘ஓவர்’ சேரும்போதுதான் பொருள் மாறுகிறது: தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று ஆகிறது.

ஆக, இந்தச் சொல்லைக் கேட்டவுடன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எது படுகிறது? எதன்மேல் படுகிறது? எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாகப் படுகிறது? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எல்லை எங்கே என்று கேட்கலாம். எல்லை என்ற ஒன்றே இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

இதிலிருந்தே ஒரு வேறுபாடு தெளிவாகும். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் நம் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறைமேல் ஏறி நின்றது, ஆகஸ்ட் 6-லிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. காய்ந்த கரும்புத் தோகையைத் துணிப் பைகளில் திணித்து மிதவை கட்டி, சனங்கள் தாங்களாகவே இறங்கி எண்ணெயைத் தடுத்தார்கள். அன்று கரையில் நின்ற எல்லாரும் அந்த எண்ணெய் ஆவிக்கு ‘எக்ஸ்போஸ்’ ஆனவர்கள்தான். ஆனால் ‘ஓவர்எக்ஸ்போஸ்’ ஆனார் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு, அவர் சுவாசித்த காற்றில் எவ்வளவு இருந்தது, எத்தனை மணி நேரம் இருந்தது என்று ஏதாவது ஓர் அளவு கையில் வேண்டும். பயத்தைச் சொல்வதற்கு முதல் சொல் போதும், இரண்டாவது சொல் அளவைக் கேட்கிறது.

அதே காரணத்தால், காய்ச்சல் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பற்றி ஆங்கிலத்தில் வெறுமனே ‘எக்ஸ்போஸ்ட்’ என்றுதான் சொல்வார்கள். கிருமி தொற்றியதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. ‘ஓவர்டோஸ்’ என்பதும் வேறு. அது உள்ளே போன மருந்து அளவு மீறியதைச் சொல்வது, விழுங்கியோ ஊசி வழியாகவோ. வெளியிலிருந்து படுவது, சூழ்வது, மோதுவது அளவு மீறினால்தான் ஓவர்எக்ஸ்போஷர்.

வாக்கியத்தில் அது உட்காரும் விதம்

இலக்கணம் கொஞ்சம்தான், சீக்கிரம் முடித்துவிடலாம். வினையாக வந்தால் ‘ஓவர்எக்ஸ்போஸ்’, நிலையைச் சொன்னால் ‘ஓவர்எக்ஸ்போஸ்ட்’, பெயராக வந்தால் ‘ஓவர்எக்ஸ்போஷர்’. இப்போது பெரும்பாலும் நடுவில் கோடு போடாமல் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். அழுத்தம் ‘போ’வில் விழவேண்டும். எதனால் பாதிப்போ அதற்கு முன்னால் ‘டு’ வரும்: ‘ஓவர்எக்ஸ்போஷர் டு சன்லைட்’, ‘ஓவர்எக்ஸ்போஸ்ட் டு நாய்ஸ்’. எவ்வளவு தாண்டியது என்பதற்கு ‘பை’ வரும்: ‘ஓவர்எக்ஸ்போஸ்ட் பை ஒன் ஸ்டாப்’ (‘ஸ்டாப்’ ஒளியை அளக்கும் படி, கீழே விளக்குகிறேன்). நம் பிள்ளைகள் பரீட்சையில் ‘டு’ வரவேண்டிய இடத்தில் ‘வித்’ போட்டு மதிப்பெண் விடுகிறார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சொல் ‘அண்டர்எக்ஸ்போஷர்’, பெரும்பாலும் படத்துக்குத்தான் பயன்படும்.

இன்னொன்று, இது முக்கியம். சென்னைத் தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்க்கும் வீடுகளில் ‘எக்ஸ்போஸ் பண்ணுவது’, ‘ஓவர் எக்ஸ்போசிங்’ என்று நடிகைகளின் உடையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது தமிழ் சினிமாப் பேச்சில் உருவான பொருள். ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் ஓவர்எக்ஸ்போஸ்ட்’ என்றால், அவரை எல்லா இடத்திலும் பார்த்துப் பார்த்துச் சனங்களுக்குச் சலித்துவிட்டது என்றுதான் பொருள், உடையைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. வேலைக்கான நேர்காணலிலோ அலுவலகக் கடிதத்திலோ இதைக் குழப்பிக்கொண்டால் பெரிய சங்கடம் வரும்.

படத்தில்: ஒளி மிஞ்சினால் என்ன ஆகிறது

மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில், கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோர்களின் பழைய படங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் படம் எடுப்பவர் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, மூடியைத் திறந்து, மனதுக்குள் எண்ணி, மூடியைச் சாத்துவார். எண்ணிக்கை கூடிப்போனால் தகட்டில் ஒளி அதிகம் விழுந்து அந்த இடம் கறுத்துத் தடித்துவிடும், தாளில் அச்சடிக்கும்போது அங்கே வெறும் வெள்ளை வரும். கேமரா எவ்வளவு மாறியிருந்தாலும் கணக்கு அதேதான்: ஒளியின் கடுமை, படும் நேரம், வாங்கிக்கொள்ளும் பரப்பின் தாங்குசக்தி.

டிஜிட்டலில் ஒரு கூடுதல் தொல்லை. நெகட்டிவ் பிலிம் கொஞ்சம் அதிக ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், டிஜிட்டல் சென்சார், அதாவது கேமராவில் ஒளியை வாங்கும் தகடு, பொறுக்காது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் என்று வைத்துக்கொண்டால், 255-ஐத் தொட்டபின் எவ்வளவு ஒளி விழுந்தாலும் எண் 255-தான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் 255 ஆகிவிட்டால் அங்கே மடிப்பும் இல்லை, நூலும் இல்லை, ஒரே தட்டையான வெள்ளை. அதைப் பிறகு கணினியில் இருட்டாக்கினால் சாம்பல் நிறத் தட்டைதான் கிடைக்கும், போன விவரம் திரும்பி வராது.

இப்போது காவடிக்கு வருவோம். நம் தீவு தெற்கு அட்சம் 20 டிகிரியில் இருக்கிறது. ஜனவரி 20-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வருகிறான். தைப்பூசம் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முதல் பாதியிலோ விழுவதால், அன்றைக்கும் அவன் உச்சியிலிருந்து ஏழெட்டு டிகிரிக்குமேல் விலகியிருக்க மாட்டான். சூரிய நண்பகல் கடிகாரத்தில் 12.20 வாக்கில் வரும். அந்த நேரத்தில் காவடி எடுப்பவரின் நெற்றியும் மூக்கும் தோளும் பளீரென்று இருக்கும், கண் குழியும் கழுத்தும் கறுத்திருக்கும். இந்த அளவு ஏற்றத்தாழ்வை எந்த கேமராவும் ஒரே படத்தில் முழுசாக வாங்காது. எனவே முதல் படி கேமராவில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையில் அலகு குத்திக் காவடி தூக்கும் நேரம் காலை வேளை, ஒளி சாய்ந்து விழும், அங்கேயே உங்கள் முக்கியமான படங்களை எடுத்துவிடுங்கள். ஊர்வலம் கோயிலை நெருங்கும்போது வெயில் ஏறியிருக்கும். அப்போது பந்தல் நிழலிலோ மரநிழலிலோ வரும் முகங்களுக்காகக் காத்திருங்கள். கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயில் போன்ற இடங்களில் படிக்கட்டு ஏறும்போது பின்னால் வானம் வந்துவிடும், கீழிருந்து மேல் நோக்கி எடுக்காமல் பக்கவாட்டில் நின்று, பாறையும் செடியும் பின்னணியாக வரும்படி பாருங்கள்.

இரண்டாவது, அடிப்படை அளவு ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மேகமில்லாத நேர் வெயிலில் ஒளி நுழையும் துவாரம் எஃப் 16 என்றால் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறிதாகும்), ஷட்டர் வேகம், அதாவது ஒளி விழும் நேரம், ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறன் எண்ணின் தலைகீழ். அதாவது ஐஎஸ்ஓ 100-க்கு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. எஃப் 8-க்குத் துவாரத்தைத் திறந்தால் நான்கு மடங்கு ஒளி வரும், அதனால் ஷட்டரை நானூறில் ஒரு பங்காக்க வேண்டும். ஒளி இரட்டிப்பாவதையும் பாதியாவதையும்தான் ‘ஸ்டாப்’ என்கிறார்கள். கேமரா காட்டும் அளவு இதிலிருந்து இரண்டு ஸ்டாப் விலகியிருந்தால், கேமரா எதையோ பார்த்து ஏமாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

எதைப் பார்த்து ஏமாறும்? கேமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி கட்டியவர்கள் படம் நிறைய நின்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அப்போது நீங்கள் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கறுப்பு நிறையும் இடத்தில் நேர்மாறு. காம் தியாபிள் போன்ற ஊர்களில் தீமிதி இருட்டும் நேரத்தில் நடந்தால், படத்தின் பெரும்பகுதி இருட்டு. கேமரா அந்த இருட்டைச் சாம்பலாக்க முயன்று ஒளியை ஏற்றும், தணலும் தணலின்மேல் நடப்பவரின் முகமும் வெந்து வெள்ளையாகிவிடும். அங்கே ஒரு ஸ்டாப்பிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள். தணல் செந்நிறமாகவே படத்தில் வரவேண்டும், மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வந்தால் இன்னும் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

நம் நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கறுத்த முகத்தைத் தொட்டு அளக்கச் சொன்னால், கேமரா அதை நடுச்சாம்பலுக்கு ஏற்றி, நெற்றியில் இருக்கும் திருநீற்றுப் பட்டையை வெறும் வெள்ளைக் கறையாக்கிவிடும். அப்பாவின் முகம் அவருடைய நிறத்தில் இல்லாத படம் எவ்வளவு ‘பிரகாசமாக’ இருந்தாலும் எனக்கு அது பிழையான படம்தான். திருநீற்றின் மூன்று கோடுகளும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு ஒளியைக் குறையுங்கள், முகத்தின் நிழலைப் பிறகு கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். நிழலை ஏற்ற முடியும், போன வெளிச்சத்தைத்தான் மீட்க முடியாது.

மூன்றாவது படிதான் பலரும் அறியாதது. மொரீஷியஸ் காவடியில் பளிச்சென்ற ரோஸ் நிறச் சேலையும் வேட்டியும் நிறையப் பார்க்கிறோம். இந்த ரோஸ் கேமராவுக்கு ஒரு பொறி. அதில் சிவப்பு மிக அதிகம், நீலம் ஓரளவு, பச்சை மிகக் குறைவு. கேமரா பொதுவாகக் காட்டும் வெளிச்ச வரைபடம், அதாவது ஹிஸ்டோகிராம், பச்சைக்கே அதிக எடை கொடுத்துக் கணக்கிடுகிறது. அதனால் சிவப்பு 255-ல் முட்டி நின்றாலும் வரைபடம் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். நீங்களும் சரியாக இருக்கிறது என்று நம்பி நாள் முழுக்க எடுப்பீர்கள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால், சேலையின் முந்தானையில் மடிப்பே இருக்காது. கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பிளாஸ்டிக்கில் வெட்டி ஒட்டியதுபோல் ஒரு ரோஸ் திட்டு. மஞ்சளுக்கும் இதே கதிதான், அங்கே சிவப்பும் பச்சையும் சேர்ந்து முட்டும். இதற்கு வழி: கேமரா மெனுவில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்துவையுங்கள். சிவப்புக் கோடு வலது சுவரில் ஒட்டிக்கொண்டால் அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ குறையுங்கள். கேமராவில் ‘ரா’ வடிவத்தில், அதாவது சென்சார் வாங்கியதை அப்படியே, சேமிக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், மிஞ்சிய வெளிச்சத்தில் சிறிதளவாவது அதில் மீளும்.

கைபேசியில் எடுப்பவர்கள்தான் இப்போது அதிகம், உங்களுக்கு இன்னும் எளிது. முகத்தின்மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடியுங்கள், அளவு பூட்டிக்கொள்ளும். அப்புறம் திரையில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். முகம் கொஞ்சம் மங்கலாகத் தோன்றும் வரை இழுக்கலாம், வெயிலில் கைபேசித் திரை ஏமாற்றும்.

எல்லா வெள்ளையும் பிழை இல்லை. காவடியில் கட்டிய பித்தளைச் செம்பின் விளிம்பில், வேலின் நுனியில், வியர்வை வழியும் தோளில் சூரியன் மின்னினால் அந்தச் சின்னப் புள்ளி வெள்ளையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதையும் அடக்கப் போனால் படமே செத்துவிடும். தோல், துணி, பூ, இலை, இந்த நான்கில் விவரம் போனால்தான் ஓவர்எக்ஸ்போஷர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் வேண்டுமென்றே பின்னணியை வெளுக்க விட்டு முகத்தை மட்டும் எடுப்பார்கள், ஆங்கிலத்தில் அதை ‘ஹை கீ’ என்பார்கள். தெரிந்து செய்தால் அது ஒரு பாணி.

வெயிலில்: தோலுக்கும் ஓர் எல்லை உண்டு

“நமக்கெல்லாம் கறுத்த தோல், வெயில் ஒன்றும் செய்யாது” என்று பெரியவர்கள் சொல்வதை எல்லா வீட்டிலும் கேட்கலாம். பாதி உண்மை. தோலின் கறுப்பு, அதாவது மெலனின், புற ஊதாக் கதிரைக் கணிசமாகத் தடுக்கிறது, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி அரை மணியில் சிவந்துபோகும் வெயிலில் நாம் அவ்வளவு சீக்கிரம் சிவப்பதில்லை. ஆனால் தடுப்பு முழுமையானது இல்லை. கண்ணுக்கு மெலனின் காவல் அந்த அளவுக்குக் கிடையாது. கண்புரையும், வெள்ளைவிழிமேல் சதை வளர்வதும், வெயிலில் பல வருஷம் உழைத்தவர்களுக்கு அதிகம் வருகின்றன. கரும்புத் தோட்டத்தில் உழைத்த தாத்தாக்களின் கண்களை நினைத்துப் பாருங்கள்.

வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று சொல்லும் எண் புற ஊதாக் குறியீடு. 0 முதல் 2 வரை குறைவு, 3 முதல் 5 மிதம், 6, 7 அதிகம், 8 முதல் 10 மிக அதிகம், 11-உம் அதற்கு மேலும் உச்சம். நம் கோடையில் தெளிந்த வானத்து நண்பகலில் இது 11-ஐத் தாண்டுவது சாதாரணம். கையில் கருவி எதுவும் இல்லையென்றால் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. தைப்பூச நாளில் நம் ஊரில் காலை 9 மணி தாண்டியதிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை நிழல் குட்டையாகவே இருக்கும்.

இங்கே இரண்டு ஏமாற்றுகள் இருக்கின்றன. ஒன்று காற்று. தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது உடம்பு குளிர்ந்திருக்கும், வெயில் உறைக்காது, ஆனால் புற ஊதாக் கதிருக்கும் காற்றின் குளிர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று மேகம். மெல்லிய மேகத்தை ஊடுருவி 80 சதவீதம் வரை புற ஊதா வந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மணல் 15 சதவீதம்வரை, கடல் நுரை 25 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் குடையின்கீழ் உட்கார்ந்தவருக்கும் அதனால்தான் முகம் கறுக்கிறது.

என்ன செய்யலாம்? காவடி எடுப்பவர் விரதத்தில் இருக்கிறார், சட்டையும் தொப்பியும் போட்டுக்கொள்ளச் சொல்ல முடியாது, செருப்பும் இல்லை. அவருக்கு நாம் செய்யக்கூடியது வழியில் தண்ணீர் தெளிப்பதும், தார்ச்சாலையைத் தொடர்ந்து நனைத்துவிடுவதும், நிற்கும் இடத்தில் நிழல் பிடிப்பதும். பல ஊர்களில் வழியோர வீட்டுக்காரர்கள் ரப்பர் குழாயோடு நிற்பதைப் பார்க்கும்போது மனசு நிறையும். கூட வருபவர்களுக்கோ எந்தத் தடையும் இல்லை: குடை, நீளக்கை பருத்தித் துணி, வெளியே கிளம்பும் முன் பூசி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசும் சன்ஸ்கிரீன். டப்பாமேல் எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் மிகச் சிறிது, அதனால் விலை உயர்ந்ததைத் துளித்துளியாகப் பூசுவதைவிட 30-ஐத் தாராளமாகப் பூசுவது நல்லது. கைக்குழந்தைகளை நண்பகலில் கூட்டத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு வரவே வேண்டாம்.

ஆங்கிலத்தில் ‘ஓவர்எக்ஸ்போஷர் டு ஹீட்’ என்பது வேறு விஷயம், அது கதிர் இல்லை, சூடு. தலை சுற்றி, பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் போர்த்தி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

சத்தம், கதிர்

இந்த இரண்டிலும் எல்லை எண்ணாகவே கிடைக்கிறது. வேலையிடச் சத்தத்துக்குப் பல நாடுகளில் பயன்படும் ஒரு வரம்பு 85 டெசிபல், 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். ஊர்வல வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியை ஒட்டி நடக்கும் பிள்ளைகள் அந்த 15 நிமிஷத்தை முதல் தெருவிலேயே தாண்டிவிடலாம். ஒலிபெருக்கியை மேல்நோக்கித் திருப்பிக் கட்டுங்கள், பிள்ளைகளைப் பின்னால் நடக்க விடுங்கள். மறுநாள் காதில் ‘ஙொய்’ என்ற சத்தம் கேட்டால் ஆங்கிலத்தில் ‘நாய்ஸ் ஓவர்எக்ஸ்போஷர்’ என்று மருத்துவர் எழுதுவது இதைத்தான்.

கதிரியக்கத்தில் இந்தச் சொல்லுக்குக் கசப்பான சரித்திரம் உண்டு. எக்ஸ் கதிர் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில் எல்லை என்ற ஒன்றே யாருக்கும் தெரியாது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கைகளையே கதிரில் காட்டிக் காட்டிச் சோதித்து, கைகளை இழந்து, 1904-இல் இறந்துபோனார். இன்றைக்கு அந்தத் துறையில் வேலை செய்பவருக்கு ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த வரம்பில் மருத்துவர் நோயாளிக்கென்று எடுக்கச் சொல்லும் எக்ஸ்ரே கணக்கில் சேராது. நெஞ்சுப் படம் ஒன்று எடுத்ததற்கு ‘ஓவர்எக்ஸ்போஷர்’ என்று பயப்பட ஒன்றுமில்லை, அதன் அளவு மிகச் சிறியது. இந்தத் துறையில் இந்தச் சொல்லைப் பன்மையிலும் எழுதுவார்கள், வரம்பு மீறிய ஒவ்வொரு சம்பவமும் ஒரு ‘ஓவர்எக்ஸ்போஷர்’.

முகம், பணம்

ஒருவரை அளவுக்கு மீறி ஊர் முன்னால் நிறுத்துவதும் இதே சொல்தான். நடிகருக்கு அது மார்க்கெட் பிரச்சினை, நம் வீட்டுக்காரருக்கு அது கௌரவப் பிரச்சினை. நாக்கில் அலகு குத்தி, கண் செருகி நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை அவரைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றினால், அந்தப் படம் எந்த நாட்டில் எந்தத் தலைப்போடு சுற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் நேர்ந்துகொண்டது முருகனுக்கு, உலகத்துக்குக் காட்டுவதற்கு இல்லை. விரதம் முடிந்து, வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு முடிந்தபின், படத்தை அவரிடமே காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் படம் என்றால் பெற்றவர்களைக் கேளுங்கள், பள்ளிப் பெயர் தெரியும் படத்தைப் போடவே வேண்டாம்.

படம் எடுப்பவர்களிடம் “காசு இல்லை, ஆனால் நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்று சிலர் வருவார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு விளம்பரம் என்று பொருள். உழைப்புக்குக் கூலி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பணத்தில் ‘எக்ஸ்போஷர்’ என்றால் ஒரு இடத்தில் நமக்கு மாட்டிக்கொண்டிருக்கும் தொகை. வங்கி ஒன்று ஓட்டல் தொழிலுக்கே அதிகம் கடன் கொடுத்திருந்தால், ‘ஓவர்எக்ஸ்போஸ்ட் டு டூரிசம்’ என்பார்கள். விமானம் நின்றுபோனால் ஓட்டலும் காலி, வங்கிக்கும் அடி. சீட்டு, நிலம், தங்கம் என்று எல்லாப் பணத்தையும் ஒன்றிலேயே போட்ட குடும்பத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

தமிழில் எழுதும்போது

ஆங்கிலத்தில் ஆள் எழுவாய்: அவர் வெயிலுக்கு ஆளானார். தமிழில் இயல்பாக வெயில்தான் எழுவாய்: வெயில் அவர்மேல் பட்டது. எனவே எது படுகிறதோ அதை முன்னால் வைத்து, அதற்கு ஊரில் சொல்லும் வினையைப் போடுங்கள். ‘வெயில் அதிகம் பட்டுவிட்டது’, ‘படத்தில் வெளிச்சம் மிஞ்சி வெளுத்துவிட்டது’, ‘சத்தம் கேட்டுக் கேட்டுக் காது அடைத்துவிட்டது’, ‘அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது’, ‘பணம் எல்லாம் ஒரே இடத்தில் முடங்கிக் கிடக்கிறது’. அறிக்கையோ பாடப்புத்தகமோ எழுதினால் கொஞ்சம் இறுக்கமான நடை வேண்டும். அப்போது கதிருக்கும் ரசாயனத்துக்கும் ‘அளவுக்கு மீறி ஆட்படுதல்’, படத்துக்கு ‘மிகை ஒளி’ என்று எழுதலாம். பேச்சில் ‘ஓவர்எக்ஸ்போஸ் ஆகிவிட்டது’ என்று சொன்னாலும் குற்றமில்லை, படக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி: வாக்கியத்தை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, “எது, யார்மேல், எவ்வளவு?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் அவர் உடனே பதில் சொன்னால் அப்படியே பலகையில் எழுதலாம். ‘எவ்வளவு’ என்ற இடத்தில் தயங்கினால் நேரத்தைச் சேருங்கள்: ‘காலை 9 முதல் பிற்பகல் மூன்றரை வரை நிழலில் நில்லுங்கள்’.